இஞ்ச் பிட்ச் செயின் போட்ட பழைய டிராக் சைக்கிளை மீட்டெடுப்பது: முழுமையான வழிகாட்டி

பழைய சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் ஃபிரேமைத் தட்டிப் பார்ப்பார்கள், பெயின்ட்டைத் தடவிப் பார்ப்பார்கள். இந்த வகை சைக்கிளில் முதலில் பார்க்க வேண்டியது செயினை. செயின் இல்லையா, பின்சக்கரத்து ஸ்பிராக்கெட்டை, அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தை. அதுவும் இல்லையா, அட்வான்ஸ் கொடுக்காமல் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் யோசியுங்கள்.

நான் சொல்வது 1930களிலும் 40களிலும் இங்கிலாந்தில் செய்த டிராக் சைக்கிள்களைப் பற்றி. பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கென்றே செய்தவை. பிரேக் கிடையாது, கியர் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். லண்டனின் ஹெர்ன் ஹில் தடம் 1891இல் திறந்தது. 1948 ஒலிம்பிக்கின் தடப் பந்தயங்களும் அங்கேதான் நடந்தன. அப்படிப்பட்ட தடங்களில் ஓடிய வண்டிகளில் ஒரு பங்கு, நாம் இன்று பார்க்கும் அரை அங்குல செயினில் ஓடவில்லை. பல்லுக்குப் பல் ஒரு முழு அங்குலம், அதாவது 25.4 மி.மீ. இடைவெளி உள்ள செயினில் ஓடின. அதற்குப் பெயர் இஞ்ச் பிட்ச்.

என்னிடம் இருப்பதும் அப்படி ஒன்றுதான். பெயர் அழிந்த கருப்பு ஃபிரேம், ஏழு பல் ஸ்பிராக்கெட், செயின் இல்லை. முடிக்க நாலு வருஷம் ஆனது. அதில் இரண்டரை வருஷத்தைச் செயினே தின்றது. வரிசையைத் தப்பாகத் தொடங்கியதுதான் காரணம்.

கழற்றுவதற்கு முன்

ஒரு ஸ்பேனரையும் தொடாதீர்கள். முதலில் போட்டோ. ஒவ்வொரு நட்டும் வாஷரும் எந்தப் பக்கம், எந்த வரிசை என்று தெரியும்படி இருபுறமும் எடுங்கள். ஃபிரேம் எண்ணைத் தேடுங்கள்: பி.பி. கூட்டின் அடியில், அதாவது கிராங்க் அச்சு உட்காரும் குழலின் அடியில். பின் கவ்வியின், அதாவது பின்சக்கர அச்சு உட்காரும் வாயின், மேல். சீட் குழாயின் வாய்ப்பக்கம். பெயின்ட் மூடியிருந்தால் சுரண்டாதீர்கள். விரல் நகத்தால் தடவினாலே எண்ணின் பள்ளம் தட்டுப்படும்.

உண்மையான டிராக் ஃபிரேமா என்பதை உறுதி செய்யுங்கள். பின் கவ்வியின் வாய் பின்னோக்கித் திறந்திருக்கும். பிரேக் மாட்ட ஓட்டை இருக்காது. முன் போர்க்கின் கால்கள் உருண்டையாக இருக்கும். ஓட்டையும் மட்கார்டு காதும் இருந்தால் அது பெரும்பாலும் ரோட்டுக்கும் தடத்துக்கும் பொதுவாகச் செய்த வண்டி. மட்டமான வண்டி என்று அதை ஒதுக்க வேண்டாம். அந்தக் காலத்து வீரர்கள் பலர் ரோட்டுச் சக்கரத்தில் தடம்வரை ஓட்டிவந்து, முன் அச்சின் இருபுறமும் ஒரு தாங்கியில் கட்டிக் கொண்டுவந்த பந்தயச் சக்கரத்தை அங்கே மாட்டி ஓட்டியிருக்கிறார்கள். எனக்கென்னவோ இந்த வகைதான் அதிகம் பிடிக்கும்.

ஃபிரேம் செய்தவர் யாரென்று தெரியாவிட்டாலும் உதிரிகள் பேசும். லண்டனின் சேட்டர்-லீ கம்பெனி (1928இல் லெட்ச்வொர்த்துக்கு இடம் மாறியது) சின்னச் சின்னப் பட்டறைகளுக்கெல்லாம் லக்கும் (ஃபிரேம் குழாய்களை இணைக்கும் உறை) கிராங்கும் ஹப்பும் கொடுத்தது. பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. துப்பாக்கிக் கம்பெனியாகத் தொடங்கியது. உதிரிகளில் மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து அடுக்கிய முத்திரை இருக்கும். நம்மூரில் பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். மிதித்த தலைமுறைக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். வில்லியம்ஸ் கிராங்க் என்றால் பின்பக்கம் பொறித்த எழுத்து, செய்த வருஷத்தைக் குறிக்கும் குறியீடு. ரெனால்ட்ஸ் 531 ஸ்டிக்கர் இருந்தால் ஃபிரேம் 1935க்கு முந்தியது அல்ல. அந்தக் குழாய் வந்ததே அந்த வருஷம்தான். பிரிட்டனில் 1955 முதல் இயங்கும் வெடரன்-சைக்கிள் கிளப்பில் ஒவ்வொரு கம்பெனிக்கும் விவரம் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். ஃபிரேம் எண்ணும் போட்டோவும் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள்.

அளவெடுப்பு

இந்த வேலையில் பணம் மிச்சமாவது இங்கேதான். ஒரு வெர்னியர், ஒரு மரை கேஜ், ஒரு நோட்டு. கண்ணால் பார்த்து “இது பொருந்தும்” என்று சொல்கிறவரை நம்பாதீர்கள், அது நீங்களாகவே இருந்தாலும்.

பி.பி. கூட்டின் மரை பிரிட்டிஷ் முறையில் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. செயின் பக்கக் கப் இடது மரை. சேட்டர்-லீ கூடு என்றால் 1.45 அங்குலம், 26 மரை. சாதாரணக் கப் அதில் சலசலவென்று ஆடும். சேட்டர்-லீயின் ஹெட்செட்டும் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) வேறு: எல்லோரும் 1 அங்குலம் 24 மரை என்றால் இவர்கள் 31/32 அங்குலம் 30 மரை. உங்கள் ஃபிரேமில் பழைய சேட்டர்-லீ கப்கள் இருந்தால், துருப்பிடித்திருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். கிடைக்காத பொருள் என்றால் இதுதான். பேரிங் பந்து ஓடும் பள்ளம் குழி விழாமல் இருந்தால் போதும், வெளியில் என்ன துரு இருந்தாலும் பரவாயில்லை.

பின் ஹப்பில் ஸ்பிராக்கெட் ஏறும் மரை 1.37 அங்குலம், 24 மரை, வலது. அதற்கு வெளியே, ஸ்பிராக்கெட் கழலாமல் பூட்டும் வளையமான லாக்ரிங் ஏறும் மரை சின்னது, இடது. பிரிட்டிஷ் லாக்ரிங் 1.29 அங்குலம். இத்தாலியக் கம்பாக்னோலோ லாக்ரிங் 1.32 அங்குலம். இரண்டுக்கும் 24 மரை, இரண்டும் இடது மரை, இரண்டும் பளபளவென்று ஒரே மாதிரி இருக்கும். வித்தியாசம் முக்கால் மில்லிமீட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் 1.32ஐ 1.29 ஹப்பில் ஏற்றினேன். அழகாகச் சுழன்று ஏறியது. அவ்வளவு லேசாக ஏறும்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஸ்பேனரில் இறுக்கினேன், இறுகிய மாதிரி இருந்தது, அடுத்த கால் சுற்றில் ‘சொத்’தென்று கை தளர்ந்தது. கழற்றிப் பார்த்தால் லாக்ரிங்கின் மரையிடுக்கில் ஹப்பின் அலுமினியம் சுருள் சுருளாக, இட்லித் தட்டில் ஒட்டிய மாவு மாதிரி. எண்பது வருஷம் தாங்கிய ஹப், என் கையில் ஒரு நிமிஷம் தாங்கவில்லை.

அச்சு மரையிலும் இதே பொறி உண்டு. பிரிட்டிஷ் பின் அச்சு 3/8 அங்குலம், 26 மரை. இப்போது கடையில் கிடைப்பது 10 மி.மீ. அச்சுக்கான நட்டு. அது பழைய அச்சில் தொளதொளவென்று ஏறும், பாதி பிடிக்கும், ஓட்டும்போது வழுக்கும். முன் அச்சு 5/16 அங்குலம், 26 மரை. நட்டைக் கையால் ஏற்றி ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அது உங்கள் நட்டு அல்ல.

கவ்விகளுக்கு இடைப்பட்ட அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்றைய டிராக் ஹப் 120 மி.மீ. பழைய பிரிட்டிஷ் ஃபிரேம் 110 மி.மீ. அருகில் இருக்கும். ஃபிரேமை விரிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பழைய ஹப்பைத் தேடுங்கள், ஃபிரேமை விட்டுவிடுங்கள்.

செயின்

எல்லாத் தலைவலியும் இங்கே. இஞ்ச் பிட்ச் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சாமான்கள் விற்கின்றன.

ஒன்று பிளாக் செயின். ரோலரே கிடையாது. ‘8’ வடிவில் திடமான ஒரு இரும்புக் கட்டி, அதன் இரு ஓரத்திலும் பின், அடுத்த கட்டியோடு இணைக்க இரு பக்கத் தகடுகள். கட்டிக்குள் பின்னுக்குப் பின் 0.4 அங்குலம், தகட்டில் 0.6 அங்குலம், சேர்ந்தால் ஒரு அங்குலம். ஸ்பிராக்கெட்டின் பல் தகடுகளுக்கு நடுவே நுழையும், கட்டி பல்லிடுக்கில் உட்காரும். மற்றொன்று இஞ்ச் பிட்ச் ரோலர் செயின். ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் மான்செஸ்டரில் காப்புரிமை வாங்கிய ரோலர் செயினின் வம்சம்தான், ஆனால் ரோலருக்கு ரோலர் ஒரு முழு அங்குலம்; தகடுகள் நீளமாக, மெலிந்த ஆள் மாதிரி இருக்கும்.

கட்டி உட்காரும் பல்லிடுக்கு அகலம், ரோலர் உட்காரும் பல்லிடுக்கு குறுகல். ஆகவே செயின்வீலை, அதாவது கிராங்கோடு சுற்றும் முன் பல்சக்கரத்தை, பார்த்தாலே ஓரளவு சொல்லிவிடலாம்: பல்லிடுக்கின் அடி தட்டையாக நீண்டு இருந்தால் பிளாக், சின்ன அரைவட்டமாக இருந்தால் ரோலர். இரண்டு வகையிலும் செயினின் உள் அகலம் பெரும்பாலும் 3/16 அங்குலம். இன்றைய 1/8 அங்குல செயின் இந்தப் பல்லின் தடிமனில் நுழையவே நுழையாது. அரை அங்குல செயின் ஒரு பல் விட்டு ஒரு பல் உட்காருமே என்று நினைத்து நானும் வாங்கினேன், வீணாகப் போனது.

அந்தக் காலத்து வீரர்கள் பலருக்கு இஞ்ச் பிட்ச் மேல் ஒரு பக்தி. காலை வைத்ததும் ‘இழுக்கிறது’ என்பார்கள். கணக்கு அவர்கள் பக்கம் இல்லை. ஏழு பல் ஸ்பிராக்கெட் என்றால் செயின் ஒரு எழுகோணத்தைச் சுற்றுகிறது. ஸ்பிராக்கெட் ஒரே சீராகச் சுற்றினாலும் ரோலர் செயினின் வேகம் பல்லுக்குப் பல் சுமார் 10 சதவீதம் ஏறி இறங்கும். அதே பருமனுள்ள அரை அங்குல 14 பல்லில் இது 2.5 சதவீதம்தான். ஓட்டும்போது உள்ளங்காலில் ஒரு மெல்லிய ‘கிர்ர்’ வரும். அதை விரும்புகிறவர்கள் அதற்காகவே ஓட்டுகிறார்கள், நான் உட்பட.

கியர் அளவைத் (சக்கர விட்டத்தை முன் பல்லால் பெருக்கிப் பின் பல்லால் வகுத்தது) தேர்வதும் கஷ்டம். 27 அங்குலச் சக்கரத்தில் 24க்கு 7, அதாவது முன்னால் 24 பல், பின்னால் 7 பல் போட்டால் கியர் 92.6 அங்குலம், அரை அங்குலத்தில் 48க்கு 14 போட்டதற்குச் சமம். கொஞ்சம் லேசாக வேண்டுமென்று பின்னால் ஒரு பல் கூட்டி 8 போட்டால் ஒரே தாவலில் 81க்கு விழுகிறது. 48க்கு 15 தரும் 86.4க்குப் பக்கத்தில் போக, முன்னால் செயின்வீலையே மாற்ற வேண்டும்: 22க்கு 7 என்றால் 84.9, 23க்கு 7 என்றால் 88.7. செயின்வீல் கிடைப்பதே அபூர்வம் என்னும்போது, கிடைத்த பல்லுக்கு உங்கள் காலைப் பழக்குவதுதான் வழி.

வாங்கும் வரிசை இதுதான்: முதலில் செயின், அடுத்து செயினைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்பிராக்கெட், கடைசியில் செயின்வீல். மூன்றும் ஒரே வண்டியிலிருந்து வந்தால் விலை பார்க்காதீர்கள். நான் தலைகீழாகப் போனேன்: அழகான செயின்வீல் ஒன்றை வாங்கினேன், அது பிளாக் வகை என்பது ரோலர் செயின் வந்தபிறகுதான் தெரிந்தது.

பழைய செயின் கையில் வந்ததும் மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவிட்டு, பிரஷ் போட்டு, உலர்த்தித் தொங்கவிடுங்கள். 12 இணைப்பை இழுத்து அளந்தால் 12 அங்குலம், அதாவது 304.8 மி.மீ. வர வேண்டும். 306க்குள் என்றால் நல்லது. 308ஐ நெருங்கினால் அது சுவரில் மாட்டும் செயின். பிறகு செயின்வீலில் படுக்கவைத்துப் பாதிச் சுற்று வரை அழுத்திப் பாருங்கள். கடைசிப் பற்களில் மேலே ஏறி நின்றால் பிட்ச் ஒத்துப்போகவில்லை. தகடுகளில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்க்காமல் ஓட்டாதீர்கள். ஃப்ரீவீல் இல்லாத வண்டியில் செயின் அறுந்து பின்சக்கரத்தில் சிக்கினால் விழுவது நீங்கள்.

ஸ்பிராக்கெட் மட்டும் கிடைக்கவில்லை என்றால் செய்துகொள்ளலாம். இஎன்8 எஃகுத் தட்டு, லேத்தில் 1.37 அங்குலம் 24 மரை, பல் வடிவத்தை ஒயர் கட்டிங்கில் வெட்டினால் போதும். அம்பத்தூரிலோ கோவையிலோ இதைச் செய்யும் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் வரைபடத்தைப் பழைய செயினை அளந்து போடுங்கள், புத்தகத்து அளவை வைத்து வேண்டாம். செயினை மட்டும் செய்ய முயலாதீர்கள்.

கழற்றுவது

கிராங்கை அச்சோடு பிடித்துவைக்கும் காட்டர் பின்னைச் சுத்தியலால் அடிப்பது நம்மூர் வழக்கம். அடிக்கலாம், ஆனால் கிராங்கின் அடியில் ஒரு இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக்கொடுத்து, நட்டைப் பின்னின் நுனி மட்டத்துக்குத் தளர்த்தி விட்டுவைத்து, ஒரே பலமான அடி. பொத்துப் பொத்தென்று பத்து அடி அடித்தால் பின் காளான் மாதிரி விரிந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பந்தின் பள்ளமும் குழி விழும். பிரஸ் கருவி இருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

லாக்ரிங் இடது மரை, கழற்ற வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். செயின் பக்க பி.பி. கப்பும் அப்படியே. இறுகிப்போனதற்கெல்லாம் அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்து விட்டு, மூன்று நாள் காத்திருங்கள். அசிட்டோன் பெயின்ட்டைத் தின்றுவிடும், தீயும் பிடிக்கும். துளித் துளியாக விடுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். ஸ்பிராக்கெட்டைக் கழற்ற, தேய்ந்த இஞ்ச் பிட்ச் செயின் துண்டு ஒன்றைத் தட்டையான கம்பியில் ரிவெட் அடித்துச் சாட்டை செய்துகொள்ளுங்கள். சுவரில் மாட்டச் சொன்ன செயினுக்கு இப்படியும் ஒரு பிழைப்பு உண்டு.

ஃபிரேம், பெயின்ட்

நேராக இருக்கிறதா என்று பார்க்க நூல் போதும். ஒரு பின் கவ்வியில் நூலைக் கட்டி, ஹெட் குழாயைச் சுற்றி, மறு கவ்விக்கு இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடைவெளி இருபுறமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தை விட்டுவிடலாம். நாலைந்து என்றால் ஃபிரேம் கட்டுகிறவரிடம் கொண்டுபோங்கள். லக் ஓரத்தில் பெயின்ட் கோடாக வெடித்திருந்தால் அதன் அடியில் விரிசல் இருக்கலாம். போர்க்கைக் கழற்றி, தண்டுக் குழாயின் உள்பக்கத் துருவையும் பாருங்கள்.

பெயின்ட்டை உரிப்பதற்கு நான் எதிரி. அசல் பெயின்ட்டும் கம்பெனி முத்திரையும் அறுபது சதவீதம் இருந்தால்கூட அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். உரித்துவிட்டால் அது புது சைக்கிள். புது சைக்கிள் வேண்டுமென்றால் கடையில் மலிவாகக் கிடைக்கும். அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்கும், ஆகவே உலர் உப்புத்தாள் போடவே கூடாது. துருவுக்கு ஆக்சாலிக் அமிலக் கரைசல் நன்றாக வேலை செய்யும். விஷம், கையுறை கட்டாயம். முதலில் பெயின்ட்டின் மறைவான மூலையில் சோதித்துவிட்டு ஊறவிடுங்கள். ஒரு இரவில் துரு மஞ்சள் தண்ணீராக இறங்கிவிடும். நன்றாகக் கழுவி, உலர்த்தி, மெழுகு பூசுங்கள்.

சக்கரம்

பிரிட்டிஷ் ஹப்பில் பின்னால் 40 ஸ்போக், முன்னால் 32. உலகம் 36க்கு வந்து எத்தனையோ காலமாயிற்று, ஆகவே டியூபுலர் டயருக்கான (டியூபை உள்ளே வைத்துத் தைத்து, ரிம்மில் ஒட்டும் டயர்) 40 ஓட்டை ரிம் தேடுவது அடுத்த தவம். இரண்டு பேர் மிதிக்கும் டாண்டம் வண்டிக்கான ரிம்களில் 40 ஓட்டை கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் சாதாரண டயருக்கானவை. மரரிம் வேண்டுமென்றால் இத்தாலியின் கிசாலோ பட்டறை இருக்கிறது. மரத்தில் நிப்பிளுக்கு அடியில் வாஷர் போடாவிட்டால் ஸ்போக் மரத்தையே இழுத்துக் கிழித்துவிடும்.

பந்துகளை மட்டும் புதிதாகப் போடுங்கள்: பின் ஹப்புக்கும் பி.பி.க்கும் 1/4 அங்குலம், முன் ஹப்புக்கு 3/16. நம்மூர் சைக்கிள் கடையிலேயே கிடைக்கும். டியூபுலர் டயரை முதல் நாள் பசையில்லாமல் ரிம்மில் ஏற்றிக் காற்றடித்து விரியவிட்டு, மறுநாள் ஒட்டுங்கள். தடத்துக்காரர்கள் ஷெல்லாக்கில், அதாவது அரக்கில், ஒட்டினார்கள். ரோட்டில் ஓட்டப்போகும் நமக்குச் சாதாரணப் பசையே சரி.

பூட்டுவது

காட்டர் பின் தமிழ்நாட்டில் எந்த மூலையிலும் கிடைக்கும் என்று மகிழ்ந்து ஒரு டஜன் வாங்கிவராதீர்கள். விட்டம் 9.5 மி.மீ.தானா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். பிறகு அரம். பின்னின் தட்டை முகத்தில் மார்க்கர் பூசி, உள்ளே தட்டி, வெளியே எடுத்து, மார்க்கர் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் அந்த ஓரத்தை இரண்டு இழுப்பு அராவுங்கள், மறுபடி மார்க்கர். முழு முகமும் சமமாகத் தேயும்வரை இப்படியே. இரண்டு பின்னும் ஒரே சரிவில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கிராங்குகள் நேர்கோட்டில் நிற்காது. இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும். என் பின்கள் இரண்டுக்கும் ஒரு முழுக் காலைப்பொழுது ஆனது.

ஹேண்டில்பாரில் கவனம்: பழையது 15/16 அங்குலம், அதாவது 23.8 மி.மீ., பிறகு வந்தது 25.4. ஹேண்டில்பாரைக் கவ்விப் பிடிக்கும் சின்ன ஸ்டெமை நெம்பி விரித்துப் பெரிய பாரை நுழைத்தால் பந்தயத்தின் நடுவில் உடையும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டெம் கிடைத்தால் விடாதீர்கள். 1899இல் மான்ட்ரியலில் உலக சாம்பியனான கறுப்பின வீரர் மேஜர் டெய்லரின் பெயரில்தான் அந்த வகை இன்றும் வழங்குகிறது. புரூக்ஸ் தோல் சீட்டை எண்ணெயில் ஊறவைக்காதீர்கள், தொட்டில் மாதிரி தொங்கிவிடும். அடிப்பக்கம் மெழுகு தடவினால் போதும்.

ஸ்பிராக்கெட்டை கிரீஸ் போட்டு ஏற்றி, சாட்டையால் இறுக்கி, 1.29 லாக்ரிங்கை இடஞ்சுழியாகப் பூட்டுங்கள். செயினை நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் இறங்கலாம். கிராங்கை மெதுவாகச் சுற்றி, எங்கே இறுகுகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்துக்குத் தக்கபடி சக்கரத்தை நகர்த்துங்கள். தளர்ந்த இடத்துக்குத் தக்கபடி வைத்தால் இறுகும் இடத்தில் ஹப் முனகும்.

முன்பிரேக் மாட்டாமல் ரோட்டில் இறங்காதீர்கள். பிரிட்டனில் அது சட்டமும்கூட. போர்க்கில் ஓட்டை போடவும் வேண்டாம், போர்க்கின் காலில் கிளிப் போட்டுக் கவ்வும் பிரேக் இருக்கிறது. முதல் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து லாக்ரிங்கையும் காட்டர் நட்டையும் மறுபடி இறுக்குங்கள். என் வண்டியில் லாக்ரிங் அசையவில்லை. இடது காட்டர் நட்டு அரைச் சுற்று உள்ளே போனது.